செக் இன்ஜின் கோடு பி0011 வருது, விவிடி சோலனாய்டை மாத்தச் சொல்றாங்க. மாத்திடலாமா?

கெடிலம்90:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2014 மாடல், 1.2 பெட்ரோல் ஹேட்ச்பேக், 86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து பாண்டிக்கு வேலைக்குப் போயிட்டு வர்ற வண்டி. காலையில ஸ்டார்ட் பண்ணா ஒரு குறையும் தெரியாது. கன்னியக்கோயில் தாண்டி இன்ஜின் நல்லா சூடானப்புறம்தான் வேலையைக் காட்டுது. அரியாங்குப்பம் பாலத்துல நின்னு நின்னு நகரும்போது ஐடில்ல உதறுது, ஸ்டீயரிங் வரைக்கும் அதிருது. மரப்பாலம் சிக்னல்ல கிளட்ச் மிதிச்சு நிறுத்தினா சில நேரம் ஆஃபே ஆயிடுது, பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஓட்டுனா சாதாரணமா போகுது. மைலேஜ் கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கு. செக் இன்ஜின் லைட் எரிஞ்சுட்டே இருக்கு.

ஒரு ஒர்க்‌ஷாப்ல ஸ்கேன் பண்ணி பி0011னு காமிச்சு, விவிடி (இன்ஜின் வால்வு திறக்கற நேரத்தை மாத்தற அமைப்பு) சோலனாய்டு போச்சுன்னாங்க. இன்னொரு இடத்துல, வால்வுகளை இன்ஜின் சுத்துக்கு ஒத்து ஓட்டற டைமிங் செயின் கிட்டையே மாத்தணும்னாங்க. ரெண்டுக்கும் செலவு மலைக்கும் மடுவுக்குமா இருக்கு. யார் சொல்றதைக் கேக்கறது?

பாகூர்_ஏரி:
எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம், வேற என்ன. 20 சதவீதம் வந்ததுல இருந்து எல்லா வண்டியும் உதறுது. முள்ளோடை பங்க்ல விலை குறைச்சல்னு கடலூர்க்காரங்க எல்லாம் இங்க வந்து ரொப்பறீங்கல்ல, அனுபவிங்க.

முதலியார்பேட்டை_ஸ்பேனர்:
பாகூராரே, பெட்ரோல்ல கோளாறு இருந்தா மிஸ்ஃபயர் (சரியா எரியல) கோடு வரும், லீன் (பெட்ரோல் பத்தல) கோடு வரும். பி0011 வராது. அதை இந்த இழைக்குள்ள கொண்டு வராதீங்க.

தம்பி கெடிலம், பி0011ங்கிறது எந்த பார்ட் போச்சுன்னு சொல்ற கோடு இல்ல. இன்டேக் கேம் ஷாஃப்ட் (காத்து உள்ள வர்ற வால்வைத் திறக்கற தண்டு), ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கேட்ட இடத்துல நிக்காம முன்னாடி போய் நிக்குது, அதாவது அட்வான்ஸ் ஆகி நிக்குது, திரும்பி வரமாட்டேங்குது. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். ஏன் வரமாட்டேங்குதுன்னு நாமதான் பாக்கணும். சோலனாய்டே எலக்ட்ரிக்கலா செத்திருந்தா, காயில் அறுந்தாலோ ஒயர் ஷார்ட் ஆனாலோ, பெரும்பாலும் பி0010தான் விழும். உனக்கு அது இல்ல.

வேலை செய்யற விதம் இதுதான். சோலனாய்டு வெறும் கதவு. உள்ள ஒரு ஸ்பூல் முன்னும் பின்னும் நகருது. இன்ஜின் ஆயிலை ஒரு பக்கம் விட்டா கேம் முனையில இருக்கற விவிடி கியர் அட்வான்ஸ் பக்கம் திரும்பும், இன்னொரு பக்கம் விட்டா ரிடார்டுக்கு, அதாவது பின்னாடி, வரும். நடுவுல நிறுத்துனா அங்கயே பிடிச்சு நிக்கும். ஈசியூ பல்ஸ் கொடுத்து ஸ்பூலை எங்க வைக்கறதுன்னு பாத்துக்குது. சுசுகியில விவிடி, ஹூண்டாய்ல விடிவிடி, டொயோட்டாவுல விவிடி-ஐ, ஹோண்டாவுல விடிசின்னு பேர் மாறும். உள்ள இருக்கற சங்கதி கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

உன் வண்டி சொல்ற அறிகுறி கோடுக்குச் சரியா பொருந்துது. ஐடில்ல இன்டேக் வால்வு சீக்கிரமா திறந்தா, எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் மூடியிருக்காது. எரிஞ்ச கேஸ் இன்டேக் பக்கம் ஏறிடும், அதான் உதறல். வண்டி ஓடும்போது எப்படியும் அட்வான்ஸ் தேவை, அதனால அப்போ உனக்கு வித்தியாசம் தெரியல.

இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. ஆயில் எப்ப மாத்தின, என்ன கிரேடு, லெவல் எங்க நிக்குது? காலையில ஸ்டார்ட் பண்ணதும் ஒரு ரெண்டு செகண்டு கடகடன்னு சத்தம் வருதா? வேற கோடு ஏதாச்சும் இருக்கா, முக்கியமா செயின் கோளாறைக் காட்டற பி0016? கடைசியா இன்ஜின்ல யாராச்சும் கை வச்சாங்களா?

கெடிலம்90:
நன்றிண்ணே. ஆயில் மாத்தி நாலாயிரம் கிலோமீட்டர் இருக்கும். 20டபிள்யூ-40 ஊத்தியிருக்காங்க, பில்லுல பாத்தேன். டிப் ஸ்டிக்ல ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிக்குது. ஸ்டார்ட்டிங்ல சத்தம் எதுவும் இல்ல. வேற கோடும் இல்ல. போன வருஷம் டைமிங் கவர் (செயினை மூடற மூடி) பக்கமா ஆயில் கசிஞ்சுது, அதைக் கழட்டி ஒட்டிக் கொடுத்தாங்க. அவ்வளவுதான்.

ஓடி_துறைமுகம்:
20-40ல என்ன தப்பு? நான் முதுநகர்ல டாக்ஸி ஓட்டுறவன். கத்திரி வெயில்ல தண்ணி மாதிரி ஆயில் ஊத்தி ஓட்டச் சொல்றது எல்லாம் குளிர் நாட்டுக்காரன் கணக்கு. நம்ம ஊருக்குக் கெட்டி ஆயில்தான் இன்ஜினைக் காப்பாத்தும். என் வண்டி ரெண்டு லட்சம் தாண்டிடுச்சு.

நெய்வேலி_மீட்டர்:
துறைமுகத்தாரே, உங்கள் டாக்ஸி டீசல் என்று நினைக்கிறேன். சரியா? அப்படியானால் அதில் இந்த விவிடி அமைப்பே இருக்க வாய்ப்பு குறைவு. ஒப்பிட முடியாது.

கிரேடு விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். நான் கருவிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எண்ணில்லாமல் பேச வராது. முதல் எண்ணும் டபிள்யூவும் குளிரில் எப்படி இருக்கும் என்பதற்கு. கடலூரில் மார்கழியில்கூட அது பெரிய பிரச்சினை இல்லை. கவனிக்க வேண்டியது பின்னால் வரும் எண். 100 டிகிரியில் 30 கிரேடு ஆயிலின் பிசுபிசுப்பு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை இருக்கலாம். 40 கிரேடு என்றால் 12.5 முதல் 16.3 வரை. வெளியில் வெயில் 40 டிகிரி அடித்தாலும் 28 அடித்தாலும் தெர்மோஸ்டாட் இன்ஜினை ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் வைத்திருக்கும். ஆகவே "நம்ம ஊர் வெயில்" என்ற வாதம் நாம் நினைக்கிற அளவுக்குச் செல்லாது. விவிடியின் சின்னச் சின்ன துளைகளும் கேம் எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்ற ஈசியூவின் கணக்கும் குறிப்பிட்ட ஆயிலை வைத்துத்தான் போடப்பட்டவை. மேனுவலில் 5டபிள்யூ-30 என்று இருந்தால் அதுவே ஊற்றட்டும்.

ஆனால் இந்த வண்டியின் குறைக்கு ஆயில் கிரேடு மட்டும் காரணமாக எனக்குத் தோன்றவில்லை. கெட்டி ஆயிலால் வரும் தொல்லை ஆயில் சூடாவதற்கு முன்புதான் அதிகம் இருக்கும், சூடாகச் சூடாகக் குறையும். இவருக்கு நேர்மாறாக இருக்கிறது.

ஓடி_துறைமுகம்:
டீசல்தான். இருந்தாலும் என் கருத்து அதேதான்.

வில்லியனூரான்:
எனக்கு வந்தது வேற மாதிரி, ஆனா சோலனாய்டு பேரைச் சொல்லித்தான் அதுவும் ஆரம்பிச்சுது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தப்போ ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அப்ப என் வண்டி ரெயின்போ நகர்ல தங்கச்சி வீட்டு வாசல்ல நின்னுச்சு. பம்பருக்கு மேல தண்ணி. இன்ஜினுக்குள்ள தண்ணி போகல, ஆயில் மாத்தி ஓட்டிட்டேன். சில மாசம் கழிச்சு பி0010 வந்து வந்து போக ஆரம்பிச்சுது. புது சோலனாய்டு போட்டாங்க. திரும்ப அதே கோடு. கடைசியில கனெக்டரைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்தா ஒரு பின்னு முழுக்க பச்சை பூத்து, தொட்டா பொடியா உதிருது. மல்டிமீட்டர்ல 12 வோல்ட் ஜம்முனு காட்டுனதால யாரும் சந்தேகப்படல.

கெடிலம், நீயும் கடற்கரைப் பக்கம் இருக்கறவன். சில்வர் பீச் உப்புக் காத்து சும்மா விடாது. பின்னைப் பாத்துடு.

நெய்வேலி_மீட்டர்:
வில்லியனூரார் சொன்னதில் எல்லோரும் தடுமாறும் இடம் அந்த 12 வோல்ட்தான். மல்டிமீட்டர் கரண்டை இழுக்காது. பின்னில் உப்புப் பூத்து நாலைந்து ஓம் தடை ஏறியிருந்தாலும் கரண்ட் ஓடாதவரை வோல்ட் முழுசாகக் காட்டும். லோடு போட்டால்தான் சாயம் வெளுக்கும்.

இதற்குச் சுலபமான வழி இண்டிகேட்டர் பல்பு. 12 வோல்ட், 21 வாட் என்றால் 1.75 ஆம்பியர் இழுக்கும். சோலனாய்டு காயில் சுமார் 7.4 ஓம் என்று வைத்தால் 12.6 வோல்ட்டில் 1.7 ஆம்பியர். இரண்டும் ஏறக்குறைய ஒன்று. கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, சப்ளை பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் அந்தப் பல்பைப் போட்டு, எரியும்போது பல்பின் இரு முனையில் வோல்ட் பாருங்கள். பேட்டரி வோல்ட்டைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ தடை இருக்கிறது.

எச்சரிக்கை: ஈசியூவுக்குப் போகும் கன்ட்ரோல் பின்னில் இந்தப் பல்பை மாட்டவே மாட்டாதீர்கள். அணைந்திருக்கும் பல்பின் தடை மிகக் குறைவு, எரியத் தொடங்கும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஈசியூவுக்குள் கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர் சர்க்யூட் போய்விடும். சில கம்பெனிகளில் இரண்டு ஒயருமே ஈசியூவிலிருந்து வரும், தனி சப்ளை இருக்காது. ஒயரிங் படம் பார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

முதலியார்பேட்டை_ஸ்பேனர்:
மீட்டர் ஐயா சொன்ன பல்பு டெஸ்ட் பி0010க்கு அருமை. தம்பிக்கு அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு இருக்கு, கையில ஸ்பேனரே தேவையில்ல. ப்ளூடூத் ஸ்கேனர் ஒண்ணு வாங்கு, இல்ல யார்கிட்டயாவது இரவல் வாங்கு. ஆனா கோடு மட்டும் படிக்கற ஆப் போதாது, உன் கம்பெனி லைவ் டேட்டா காட்டற ஆப் வேணும். அதுல கேம் டார்கெட் ஆங்கிள் (ஈசியூ கேக்கற கோணம்), கேம் ஆக்சுவல் ஆங்கிள் (நிஜமா நிக்கற கோணம்) ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வை.

முதல்ல காலையில இன்ஜின் சில்லுனு இருக்கும்போது பாரு. ரெண்டும் பூஜ்யம் கிட்ட நிக்கணும். அப்புறம் ஒரு சுத்து ஓட்டி, சூடாகி உதற ஆரம்பிச்சதும் ஐடில்ல பாரு. டார்கெட் பூஜ்யம் கேட்டும் ஆக்சுவல் எங்கயோ மேல நின்னா, இன்ஜின் ஓடிட்டு இருக்கும்போதே சோலனாய்டு கனெக்டரைக் கழட்டு. ஃபேன்கிட்ட, பெல்ட்கிட்ட கை போகாம பாத்துக்க.

கழட்டுனதும் ஆங்கிள் பூஜ்யத்துக்கு ஓடி வந்துட்டா, ஒயர்லயோ ஈசியூவுலயோ எங்கயோ கரண்ட் விடாம போயிட்டே இருந்திருக்கு, சோலனாய்டு பாவம். கழட்டியும் ஆங்கிள் அப்படியே நின்னா கரண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஸ்பூல் உள்ள மாட்டிக்கிச்சு, இல்ல விவிடி கியரே சிக்கிக்கிச்சு. எந்தப் பக்கம் தோண்டணும்னு இந்த ஒரே வேலையில தெரிஞ்சுடும். கழட்டினதால பி0010 ஒண்ணு புதுசா விழும், பயப்படாத, அப்புறம் அழிச்சுக்கலாம்.

கெடிலம்90:
அண்ணே, பாத்துட்டேன். காலையில டார்கெட் 0, ஆக்சுவல் 0க்கும் 1க்கும் நடுவுல. சூடாகி அரியாங்குப்பத்துல ஓரங்கட்டிப் பாத்தேன்: டார்கெட் 0, ஆக்சுவல் 24. கனெக்டரைக் கழட்டினேன், 24 அப்படியே நிக்குது. அசையவே இல்ல.

அங்கயே காயில் ஓமும் பாத்துட்டேன். 9.3 காட்டுது. என்னோட இன்ஜினுக்கு 6.9ல இருந்து 7.9 வரைக்கும் இருக்கணும்னு மேனுவல்ல இருக்கு. அப்ப சோலனாய்டு போச்சுன்னுதானே அர்த்தம்?

பாகூர்_ஏரி:
9.3 இருந்தா போச்சுதான். வாங்கி மாட்டு, வேலை முடிஞ்சுது.

நெய்வேலி_மீட்டர்:
அவசரப்பட வேண்டாம். மேனுவலில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 20 டிகிரியில் என்று போட்டிருக்கும், பாருங்கள். காயில் செம்புக் கம்பி. சூடு ஒரு டிகிரி ஏறினால் தடை ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 7.4 ஓம் உள்ள காயில் 85 டிகிரியில் 7.4 × 1.255, அதாவது 9.3 ஓம் காட்டும். உங்கள் எண்ணே அதுதான். சூடான சிலிண்டர் ஹெட்டில் உட்கார்ந்திருக்கும் நல்ல காயில் அப்படித்தான் காட்ட வேண்டும். காலையில் ஆறிய பிறகு ஒருமுறை அளந்து பாருங்கள்.

கெடிலம்90:
காலையில 7.6.

நெய்வேலி_மீட்டர்:
28, 29 டிகிரியில் 7.6 சரியான அளவு. காயில் நன்றாக இருக்கிறது.

முதலியார்பேட்டை_ஸ்பேனர்:
செயின் கிட் மாத்தச் சொன்னவங்களுக்கும் இதுலயே பதில் இருக்கு. செயின் நீண்டிருந்தாலோ பல்லு தாவியிருந்தாலோ காலையில பூஜ்யத்துல வந்து நிக்காது, கிராங்குக்கும் (பிஸ்டன் சுத்தி விடற தண்டு) கேமுக்கும் ஒத்து வரலன்னு பி0016 எட்டிப் பாக்கும். சில்லுனு சரியா இருந்து சூடானப்புறம் கெடற செயினை நான் பாத்ததில்ல.

இப்ப சோலனாய்டைக் கழட்டு. இன்ஜின் ஆறட்டும். ஒரே ஒரு 10 நம்பர் போல்ட்டுதான். சுத்தி இருக்கற அழுக்கை முதல்ல தொடைச்சுடு, இல்லன்னா மண்ணு உள்ள விழும். ஸ்க்ரூ ட்ரைவர் போட்டு நெம்பாத, இடமும் வலமும் கையால திருகித் திருகி இழு, ஓ ரிங் (ரப்பர் வளையம்) இறுகிப் பிடிச்சிருக்கும். வெளிய வந்ததும் துடைக்காத. அப்படியே வெளிச்சத்துல வச்சு, சோலனாய்டுல இருக்கற ஆயில் சல்லடையைப் பாரு. அதுல ஒட்டியிருக்கறதுதான் உனக்குக் கதை சொல்லும். கருப்பு கிரீஸ் மாதிரி இருந்தா சரியா ஆயில் மாத்தாத வண்டி. மினுமினுன்னு இரும்புத் தூள் இருந்தா உள்ள ஏதோ தேயுது, அது பெரிய வேலை. டைமிங் கவர் ஒட்டினதா சொன்னியே, எனக்கு அதுமேலதான் ஒரு கண்ணு.

கெடிலம்90:
அண்ணே, உங்க வாய்க்குச் சக்கரை போடணும்.

சல்லடையில சாம்பல் கலர்ல, ரப்பர் மாதிரி, சேமியா அளவுக்கு ஒரு துண்டு குறுக்கால படுத்திருக்கு. நகத்தால இழுத்தா நீளுது. ஸ்பூல் துளை வழியா எட்டிப் பாத்தா உள்ள இன்னொண்ணு, ஓரத்துல நசுங்கி கிடக்கு. கவர் ஒட்டின சிலிக்கான் பேஸ்ட் அதே சாம்பல் கலர், வெளிய பிதுங்கி நிக்கறதோட ஒப்பிட்டுப் பாத்துட்டேன். கருப்புக் கசடும் கொஞ்சம் இருக்கு, ஆனா மினுமினுப்பு எதுவும் இல்ல.

வில்லியனூரான்:
அடேங்கப்பா. அப்ப காலையில மட்டும் எப்படி ஒழுங்கா ஓடுது?

முதலியார்பேட்டை_ஸ்பேனர்:
சில்லுனு இருக்கறப்ப ஈசியூ பெரும்பாலும் விவிடியை அசைக்கவே அசைக்காது. கேமை ரிடார்டு முனையில பின்னு போட்டுப் பூட்டி வச்சிருக்கும். சூடானதும் ஸ்பூலைத் தள்ளுது, தள்ளுன இடத்துல அந்தத் துண்டு நடுவுல மாட்டிக்குது, ஸ்பிரிங்கால திரும்பக் கொண்டு வர முடியல. ராத்திரி நிறுத்துனா ஆயில் பிரஷர் இல்ல, துண்டு தளர்ந்து ஸ்பூல் பழைய இடத்துக்கு வந்துடுது. காலையில நல்ல பிள்ளையா ஓடும்.

கவர் ஒட்டறவங்க பண்ற வழக்கமான வேலை இது. பேஸ்ட்டை எவ்வளவு வைக்கறமோ அவ்வளவு கசியாதுன்னு நினைக்கறாங்க. இறுக்கும்போது வெளிய பிதுங்கற அளவுக்கு உள்ளயும் பிதுங்கும். அது காஞ்சு உதிர்ந்து ஆயிலோட ஊரெல்லாம் சுத்தும். மூணு மில்லிமீட்டர் அகலத்துல ஒரு பட்டை பேஸ்ட் போதும், அதையும் பழைய பேஸ்ட்டை முழுசா சுரண்டினப்புறம்தான் வைக்கணும்.

தம்பி, கழுவி டெஸ்ட் பண்ணு. ஓ ரிங்கை முதல்ல கழட்டிடு, கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் கழுவற ஸ்பிரே) பட்டா உப்பிடும். ஸ்பிரே அடிச்சு ஊற விட்டு, துண்டை மெதுவா எடு. கம்பி விட்டுக் குத்தாத, ஸ்பூல்ல கீறல் விழுந்தா அப்புறம் புதுசுதான். காஞ்சதும் 12 வோல்ட் பேட்டரியில 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு ஒரு செகண்டு தொட்டுத் தொட்டு எடு. ரொம்ப நேரம் வச்சா காயில் வெந்துடும். டக்குனு சத்தம் கேட்டா போதும்னு விட்டுடாத. சோலனாய்டுல இருக்கற துளை வழியா பாரு, ஸ்பூல் முழுசா போய் முழுசா திரும்பணும். பாதியில நின்னாலும் டக்குனு சத்தம் வரும்.

ரொம்ப முக்கியம்: சல்லடைக்கு ரெண்டு துண்டு வந்திருந்தா ஆயில் சம்ப்ல (இன்ஜின் அடியில ஆயில் நிக்கற தட்டு) எத்தனை கிடக்குமோ. சம்ப்பை இறக்கி, ஆயில் பம்ப் உறிஞ்சற ஸ்ட்ரெய்னரைப் பாத்துடு. அது அடைச்சா விவிடி மட்டுமில்ல, இன்ஜினே பிடிச்சுக்கும்.

கெடிலம்90:
தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரை வச்சு சம்ப்பை இறக்கிட்டோம். ஸ்ட்ரெய்னர் வலையில மூணுல ஒரு பங்கு அந்த சாம்பல் பேஸ்ட். எடுத்துக் கையில வச்சுப் பாத்தப்ப வயித்தைக் கலக்குச்சு. சுத்தம் பண்ணி, டைமிங் கவரையும் கழட்டி உள்ள பிதுங்கினதை எல்லாம் சுரண்டி, ஒழுங்கா திரும்ப ஒட்டினோம். சோலனாய்டு ஸ்பூல் இப்ப முழுசா போயிட்டு முழுசா வருது, அதையே மாட்டிட்டேன். புது ஓ ரிங், அதுல கொஞ்சம் ஆயில் தடவி. 5டபிள்யூ-30, புது ஃபில்டர்.

நேத்து சாயங்காலம் ஆல்பேட்டையில இருந்து மரப்பாலம் வரைக்கும் ஸ்கேனரை மாட்டிட்டே ஓட்டினேன். டார்கெட் போற இடத்துக்கு ஆக்சுவல் பின்னாடியே போகுது, ஐடில்ல 0க்கு வந்துடுது. சிக்னல்ல உதறல் இல்ல. கோடை அழிச்சுட்டேன், திரும்ப வரல.

கேள்வி ஒண்ணு. பழைய சோலனாய்டையே ஓட்டலாமா, புதுசு போட்டுடணுமா?

முதலியார்பேட்டை_ஸ்பேனர்:
ஓட்டு. காயில் சரி, ஸ்பூல் சரி, லைவ் டேட்டாவும் சரி, அப்புறம் எதுக்குக் காசு? ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒருதரம் ஆயிலையும் ஃபில்டரையும் மாத்திடு. மிச்சம் மீதி துணுக்கு ஃபில்டர்ல வந்து சேர்ந்திருக்கும். போல்ட்டை இறுக்கறப்ப ஞாபகம் வை, ஹெட் அலுமினியம். சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான். தம் கட்டி இறுக்குனா மரை போயிடும்.

ஓடி_துறைமுகம்:
பாத்தீங்களா, ஆயில் மேல குத்தம் இல்லன்னு நான் அப்பவே சொன்னேன்.

நெய்வேலி_மீட்டர்:
நானும் அதைத்தான் சொன்னேன், துறைமுகத்தாரே. கிரேடு மட்டும் உங்களோடு ஒத்துப் போகாது.

பாகூர்_ஏரி:
சரி, சரி. என் மச்சான் வண்டியில பி0014 காட்டுதாம், ஆனா உதறலே இல்லங்கறான். இதே வேலையைச் செய்யச் சொல்லட்டுமா?

முதலியார்பேட்டை_ஸ்பேனர்:
வாங்க பாகூராரே. 11, 12 இன்டேக் கேம். 14, 15 எக்ஸாஸ்ட் கேம். ரெண்டு கேமுக்கும் விவிடி இருக்கற இன்ஜின்ல மட்டும்தான் அது வரும், சோலனாய்டும் ரெண்டு இருக்கும். முதல்ல எது எந்தப் பக்கம்னு பாத்துக்கச் சொல்லுங்க. கனெக்டர் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், மாத்தி மாட்டிட்டாலும் கோடு வரும்.

எக்ஸாஸ்ட்ல கணக்கு தலைகீழ். இன்டேக் ஓய்வா இருக்கும்போது ரிடார்டு முனையில நிக்கும், எக்ஸாஸ்ட் பெரும்பாலும் அட்வான்ஸ் முனையில நிக்கும். அதனால பி0014னா அது கிளம்பின இடத்தை விட்டு நகரவே இல்லன்னு இருக்கலாம். ஐடில்ல அது அங்கதானே நிக்கணும், அதான் மச்சானுக்கு உதறல் தெரியல. இதுக்குக் கனெக்டரைக் கழட்டிப் பாத்து பிரயோஜனமில்ல, ஏற்கனவே ஓய்வு நிலையிலதான் இருக்கு. வண்டி ஓடும்போது டார்கெட்டும் ஆக்சுவலும் பாக்கச் சொல்லுங்க. டார்கெட் நகர்ந்து ஆக்சுவல் அசையலன்னா, முதல்ல ஆயில் லெவல், அப்புறம் மீட்டர் ஐயா சொன்ன பல்பு டெஸ்ட், அப்புறம் சோலனாய்டைக் கழட்டி சல்லடை. டார்கெட், ஆக்சுவல் எண்களைக் குறிச்சு எடுத்துட்டு வந்து புது இழை போடச் சொல்லுங்க, பாப்போம்.